எழுநூற்று ஐந்து

(மதுரையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் முன்னிலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இப்படிப்பட்ட மேடைகளில் சங்க இலக்கியம் பேசுவார்கள், சமயம் பேசுவார்கள். அறக்கட்டளையினர் என்னிடம் தலைப்புக் கேட்டபோது, ஒன்றுகள், பத்துகள், நூறுகள் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முதலில் என் நன்றி. இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் ஒரு குழந்தைக்கு இந்த மூன்று சொற்கள் பிடிபடாமல் போனால், பின்னால் வரும் கூட்டல், கழித்தல், பெருக்கல், தசமம் அத்தனையும் அதற்கு மனப்பாடமாகவே நின்றுவிடுகின்றன. அப்படி நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரை நானே நிறுத்தியும் இருக்கிறேன்.

நான் 34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள். பெரும்பகுதி வைகையின் வடகரையில், சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் இடைப்பட்ட ஊர்களில். பெரியாறு பாசனத்தில் நெல்லும், கொடிக்காலில் வெற்றிலையும் விளைகிற பூமி. அங்கே ஒரு மூன்றாம் வகுப்பில் எண் பெயரைச் சொல்லி எண்ணுருவை எழுதச் சொன்னேன். "எழுநூத்தி அஞ்சு" என்றேன். ஒரு பையன் சிலேட்டில் 7005 என்று எழுதிக்கொண்டு வந்தான். சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு, கவனமாக எழுத வேண்டாமா என்று அதட்டினேன். அவன் நகரவில்லை. "நீங்கதான டீச்சர் எழுநூறுன்னு சொன்னீங்க. அப்பறம் அஞ்சுன்னு சொன்னீங்க. ரெண்டையும் எழுதியிருக்கேன்ல?" என்றான். எதிர்த்துப் பேசாதே என்று அவனை உட்கார வைத்துவிட்டேன்.

அந்தப் பையன் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. பழைய தமிழ் எண்களைப் பற்றி ஒரு பயிற்சி முகாமில் பேச வேண்டியிருந்தது. ஒன்று முதல் ஒன்பது வரை ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. அதோடு நம் முன்னோர் நிறுத்தவில்லை. பத்துக்குத் தனி எழுத்து ௰. நூறுக்குத் தனி எழுத்து ௱. ஆயிரத்துக்கு ௲. எழுநூற்று ஐந்தை அவர்கள் ௭௱௫ என்று எழுதினார்கள். ஏழு, நூறு, ஐந்து. வாயில் எப்படி வருகிறதோ அப்படியே ஓலையிலும் கல்லிலும். 3782 என்றால் ௩௲௭௱௮௰௨. மூன்று ஆயிரம், ஏழு நூறு, எட்டு பத்து, இரண்டு. பாண்டியர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டையும் நில அளவையும் இப்படித்தான் பொறித்திருக்கிறார்கள்.

அந்த முகாமில் கரும்பலகையில் ௭௱௫ என்று எழுதியதும் என் கை நின்றுவிட்டது. அந்தப் பையனின் சிலேட்டு கண்முன் வந்தது. அவன் கவனமில்லாமல் எழுதவில்லை. கேட்டதைக் கேட்டபடி, நம் தமிழ்க் கணக்கர்கள் எத்தனையோ நூற்றாண்டுகள் எழுதிய முறையிலேயே எழுதியிருக்கிறான். நூறு என்ற சொல்லுக்கு அவன் கையில் ௱ என்ற எழுத்து இல்லை. அதனால் இரண்டு சுழிகளைப் போட்டான். அவ்வளவுதான் வேறுபாடு.

இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். நாம் பேசும் எண் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொல்கிறது. நாம் எழுதும் எண் அந்தப் பெயரை விழுங்கிவிட்டு இடத்தை மட்டும் வைத்திருக்கிறது. 705 என்பதில் நூறு என்ற சொல் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஏழு உட்கார்ந்திருக்கும் இடத்தில் மறைந்திருக்கிறது. பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகும் குழந்தை இந்த மறைவைத் தாண்ட வேண்டும். அந்த இடத்தில் கைபிடித்து அழைத்துப் போகாமல் கோடு போட்டுவிடுகிறோம்.

நம் முன்னோருக்கு இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். அவர்கள் எழுத்தில் கணக்குப் போடவில்லை. மனத்தில் போட்டு, விடையை எழுதினார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று வரிசையாக மனப்பாடம் செய்தார்கள். சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள் என்று 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். மதுரைக் கலெக்டரும் எழுதி அனுப்பினார். அந்தப் பதில்களை ஆய்வாளர் தரம்பால் 1983-இல் நூலாக்கினார். அந்தப் பள்ளிகளில் கணக்கு எப்படி நடந்தது, நினைவாற்றல் அங்கே எப்படி ஒரு கருவியாக இருந்தது என்பதைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 2022-இல் அது புத்தகமாகவும் வந்திருக்கிறது. ஆசிரியர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

அந்தச் சுவடிகளின் சொற்களில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. முந்திரி என்றால் 320-இல் ஒன்று. காணி என்றால் 80-இல் ஒன்று. மா என்றால் 20-இல் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 16-இல் ஒன்று. பெயரிலேயே கூட்டல் நடந்து முடிந்திருக்கிறது. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. மாகாணி வாய்பாடு தெரிந்தவர் சந்தையில் நின்ற நிலையில் விலை சொல்வார். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது. அன்றோடு அந்த வாய்பாட்டுக்கு வேலை போயிற்று. கால், அரை, முக்கால் மட்டும் நம் வாயில் தங்கின. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பத்தின் அடுக்கு காசுக்கும் எடைக்கும் நீளத்துக்கும் ஒரே கணக்காக வந்தது பிள்ளைகளுக்குப் பெரிய எளிமை. ஆனால் பெயரைக் கேட்டாலே அளவு விளங்குகிற பழக்கத்தையும் சேர்த்து விட்டுவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

பழைய தமிழ் எழுத்து முறைக்குச் சுழியம் தேவைப்படவில்லை. நூற்று ஐந்தை ௱௫ என்று எழுதினால் போதும். பத்து இல்லையென்றால் ௰ இல்லை, அவ்வளவே. வெறுமையை எழுத வேண்டிய அவசியம் எழுத்தை வைத்துக் கூட்டிக் கழிக்கும்போதுதான் வருகிறது. இந்தியாவின் இடமதிப்பு முறை அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய், அச்சுப் புத்தகமாகவும் கச்சேரிக் கணக்காகவும் நம்மிடம் திரும்பி வந்தபோது, தமிழ் எண்களோடும் சுழியம் சேர்ந்தது. 1825-இல் வந்த 'கணித தீபிகை' அந்த மாற்றத்தின் முக்கியமான சாட்சி.

வெறுமைக்கான சொல் நமக்குப் புதியதல்ல. வைகையையும் பரங்குன்றத்தையும் பாடுகிற பரிபாடலை மதுரைக்காரர்கள் நம் ஊர்ப் புத்தகம் என்றே நினைக்கிறோம். அதில் திருமாலைப் பாடும் மூன்றாம் பாடல் எண்களை வரிசையாக அடுக்குகிறது. ஒன்றுக்கு முன்னால் பாழ், கால், பாகு என்ற மூன்று சொற்கள் நிற்கின்றன. எட்டுக்குப் பிறகு தொண்டு வருகிறது. உரைகாரர்கள் அதற்குச் சொல்லும் தத்துவப் பொருள் ஆழமானது. அதற்குள் நான் போகவில்லை. ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையாக அந்த வரிசையின் அழகை மட்டும் பார்க்கிறேன். ஒன்றிலிருந்து தொடங்காமல் பாழிலிருந்து தொடங்குகிறார் அந்தப் புலவர்.

இன்று நாம் பூஜ்ஜியம் என்கிறோம், சுழியம் என்கிறோம், சைபர் என்கிறோம், பிள்ளைகள் முட்டை என்கிறார்கள். எந்தப் பெயரும் இருக்கட்டும். ஆனால் "பூஜ்ஜியம்னா ஒண்ணுமில்ல" என்று மட்டும் வகுப்பில் சொல்லி நிறுத்தாதீர்கள். ஒன்றுமில்லை என்றால் 705-இல் அதை ஏன் எழுத வேண்டும் என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கேட்காத பிள்ளை 75 என்று எழுதிவிட்டுப் போகும்.

இனி நம் எண் பெயர்களுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவில் கான்ஸ்டன்ஸ் கமீ என்ற கல்வியாளர் 1980களில் ஓர் எளிய சோதனை செய்தார். குழந்தையின் முன் 16 வில்லைகளை வைத்தார். எண்ணச் சொன்னார். 16 என்று எழுதச் சொன்னார். பிறகு 6 என்ற இலக்கத்தைக் காட்டி, இது எந்த வில்லைகள் என்று கேட்டார். குழந்தை ஆறு வில்லைகளைக் காட்டியது. 1 என்ற இலக்கத்தைக் காட்டி, இது எது என்று கேட்டார். பல குழந்தைகள் ஒரே ஒரு வில்லையைக் காட்டினார்கள். மீதி ஒன்பது ஏன் இங்கே தனியாகக் கிடக்கிறது என்பது அவர்களை உறுத்தவே இல்லை.

இதைப் படித்த மறுநாள் புளியங்கொட்டைகளை வைத்து என் வகுப்பில் செய்து பார்த்தேன். என் பிள்ளைகளும் ஒரே ஒரு கொட்டையைக் காட்டினார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. பிறகு ஒருநாள் கேள்வியை மாற்றினேன். "பதினாறுன்னு சொல்றியே, அதுல ஆறு தெரியுது. பதின் எங்கடா இருக்கு?" என்று கேட்டேன். கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை இரண்டு கைகளாலும் பத்துக் கொட்டைகளைத் தன் பக்கம் இழுத்தது. அந்தச் சொல்லை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைதான் அது. யாரும் அதைச் சொல்லுக்குள் பார்க்கச் சொன்னதில்லை.

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று தமிழ் முதலில் பத்தைச் சொல்கிறது, பிறகு உதிரியைச் சொல்கிறது. எழுதும் வரிசையும் அதுவே. பன்னிரண்டு ஒன்றுதான் கொஞ்சம் முகத்தை மாற்றிக்கொண்டது. இருபது என்றால் இரு பத்து. முப்பது என்றால் மூன்று பத்து. இதைவிட அழகான ஒன்றைக் கவனியுங்கள். இருபது என்று முடித்தால் இருபதுதான். இன்னும் வரப்போகிறது என்றால் இருபத்து என்று திரிகிறது. நூறு என்றால் கதவு மூடியிருக்கிறது. நூற்று என்றால் திறந்திருக்கிறது, பின்னால் யாரோ வருகிறார்கள். ஆயிரம், ஆயிரத்து. வீட்டுப் பேச்சில் இருபத்தி, நூத்தி, ஆயிரத்தி. எழுநூறு என்பதையும் எழுநூத்தி என்பதையும் நம் ஊர்ப் பிள்ளை காதாலேயே பிரித்து அறிய முடியும். எழுநூறு என்றால் 700 என்று முடித்து எழுது. எழுநூத்தி என்று கேட்டால் பேனாவை எடுக்காதே, இன்னும் இரண்டு இடம் காத்திருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். 7005 எழுதும் பிள்ளைகள் என் வகுப்பில் குறைந்தார்கள். இலக்கணத்தில் இதைத் திரிபு என்று படிக்கிறோம். கணக்கு வகுப்பில் அது வழிகாட்டி.

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஐரீன் மியூரா என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பல நாட்டு முதல் வகுப்புக் குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்துக் கட்டைகளும் ஒற்றைக் கட்டைகளும் கொடுத்து ஓர் எண்ணைக் காட்டச் சொன்னால், ஜப்பானிய, கொரியக் குழந்தைகள் பத்துக் கட்டைகளை எடுத்தார்கள். அமெரிக்க, பிரெஞ்சு, சுவீடன் குழந்தைகள் ஒற்றைக் கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். ஜப்பானிய மொழியில் பதினொன்று என்பது பத்து-ஒன்று. எண் பெயர்தான் காரணமா, வளர்ப்பும் பள்ளியும் காரணமா என்று பிறகு வாதங்கள் நடந்தன. வாதம் நடக்கட்டும். பத்தைப் பெயருக்குள் வைத்திருக்கும் மொழி நம்முடையது. வீட்டில் இருக்கும் விளக்கை நாம் ஏற்றலாம் அல்லவா?

நம் மொழியில் குழந்தையைத் தடுக்கிவிடும் இடமும் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசினால் வகுப்பறைக்கு நேர்மையாக இருக்காது. எண்பத்தொன்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. ஒன்பது பத்து என்று இருக்க வேண்டிய இடத்தில் நூறு என்ற ஓசை வந்து நிற்கிறது. எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு அடுத்தது தொள்ளாயிரம். ஒன்பது நூறு இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. தொண்ணூற்று மூன்று என்றால் 103 என்றும் 193 என்றும் எழுதிய பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். தொள்ளாயிரத்து நாலு என்றால் 9004 என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம்.

பழைமையான வழக்கு இது. ஒன்பதோடு பத்து சேர்ந்தால் தொண்ணூறு ஆவதையும், நூறு சேர்ந்தால் தொள்ளாயிரம் ஆவதையும் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விதியாகவே சொல்கிறது. நன்னூலும் சொல்கிறது. மலையாளத்திலும் இதே தொண்ணூறு, தொள்ளாயிரம்தான். ஆனால் கன்னடத்தில் தொண்ணூறு என்பது தொம்பத்து. உள்ளே பத்து தெரிகிறது. தெலுங்கில் தொள்ளாயிரம் என்பது தொம்மிதி வந்தலு, ஒன்பது நூறுகள் என்றே பொருள். மதுரையில் ஒரே வகுப்பில் தமிழ்ப் பிள்ளை, சௌராஷ்டிரப் பிள்ளை, தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசும் பிள்ளை எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "உங்க வீட்ல தொண்ணூறுக்கு என்ன சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கணக்கு வகுப்பில் அதைவிட நல்ல கால் மணி நேரம் கிடைக்காது.

இதற்கு என் வைத்தியம் எளிது. ஒரு பத்து, ரெண்டு பத்து, மூணு பத்து என்று ஒன்பது பத்து வரை தினமும் பாடுவோம். ஒன்பது பத்தில் நிறுத்தி, "இதுக்கு ஒரு செல்லப் பேர் இருக்கு, தொண்ணூறு" என்பேன். ஒன்பது கட்டு ஈர்க்குகளைக் கையில் கொடுத்து, நூறாக இன்னும் எத்தனை கட்டு என்று கேட்பேன். ஒன்று. அந்த ஒரு கட்டுக் குறைவுதான் பெயருக்குள் இருக்கும் நூறை எட்டிப் பார்க்க வைக்கிறது என்று பிள்ளைகள் தாமே சொல்லிக்கொள்வார்கள். மொழிநூல் விளக்கமாக இதை நான் முன்வைக்கவில்லை. நினைவில் வைத்துக்கொள்ள ஒரு கொக்கி, அவ்வளவே. தொள்ளாயிரத்துக்கும் அதே கொக்கி.

எழுத்துப் பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நூறு என்பது முந்நூறு. முன்னூறு என்று எழுதினால் முன்னால் இருக்கும் நூறு என்றாகிவிடும். ஐந்து நூறு ஐந்நூறு. கரும்பலகையில் நாம் சரியாக எழுதினால் போதும், பிள்ளைகளைத் திருத்த வேண்டியிருக்காது.

பாடப் புத்தகச் சொற்களில் எனக்கு ஒரே ஒரு மன்றாட்டு உண்டு. பத்தாம் இடம், நூறாம் இடம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஒருமுறை 52-ஐ எழுதி, "பத்தாம் இடத்துல என்ன இருக்கு?" என்று கேட்டேன். ஒரு சிறுமி, "டீச்சர், ரெண்டு இடந்தான இருக்கு? பத்தாம் இடத்துக்கு எங்க போறது?" என்றாள். விளையாட்டுப் போட்டியில் பத்தாம் இடம் என்றால் பத்தாவதாக வந்தவர். அந்தச் சொல்லை அவள் அப்படித்தானே அறிவாள்? ஒன்றாம் இடம் என்றால் முதல் இடம் என்று நினைத்து, இடப்பக்கத்து முதல் இலக்கத்தைக் காட்டும் பிள்ளைகளும் உண்டு. அதுவும் அவர்கள் தவறல்ல. ஒன்றுகளின் இடம், பத்துகளின் இடம், நூறுகளின் இடம் என்று சொல்லுங்கள். இரண்டு எழுத்து கூடுகிறது, ஒரு குழப்பம் தீர்கிறது. பின்னால், பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று என்று தசமம் வரும்போதும் இந்தப் பழக்கம் காப்பாற்றும்.

இலங்கைத் தமிழ்ப் பாடப் புத்தகங்களில் இடமதிப்பை இடப்பெறுமானம் என்கிறார்கள். அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது நான் அசந்துபோனேன். பெறுமானம் என்பதில் பெறு என்ற வினை கண்ணுக்குத் தெரிகிறது. 7 என்ற இலக்கம் தானாக எழுநூறு ஆகவில்லை, நின்ற இடத்திலிருந்து அதைப் பெறுகிறது. நாம் முகமதிப்பு, இடமதிப்பு என்று இரண்டு வரையறைகளை எழுதிப் போட்டு ஒரு மதிப்பெண் கேள்வி கேட்கிறோம். ஒரே ஆள் வகுப்பில் மாணவி, வீட்டில் அக்கா, ஆட்டத்தில் கேப்டன். ஆள் மாறவில்லை, நிற்கும் இடம் மாறியது என்று நான் பிள்ளைகளையே எழுப்பி நிறுத்திக் காட்டுவேன். மூன்று பிள்ளைகளை 7, 0, 5 அட்டைகளோடு நிறுத்தி இடம் மாற்றினால் வகுப்பே கத்தும்.

அந்தச் சுழிய அட்டையைப் பிடித்து நின்ற ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. கொடிக்கால் வேலைக்குப் போகும் வீட்டுப் பெண். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். எங்கள் பக்கம் நூறு வெற்றிலை சேர்ந்தது ஒரு கவுளி. ஒருநாள் 705-ஐ விட்டுவிட்டு, "ஏழு கவுளியும் அஞ்சு வெத்தலையும்" என்று சொல்லி எழுதச் சொன்னேன். ஏழு எழுதினாள், கொஞ்சம் இடம் விட்டு ஐந்து எழுதினாள். நடுவில் ஏன் இடம் விட்டாய் என்றேன். "பத்துப் பத்தா அடுக்குனது ஒண்ணும் இல்லையே" என்றாள். சும்மா விட்டால் அடுத்த ஆள் 75 என்று படித்துவிடுவாரே என்றேன். யோசித்தாள். பிறகு அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டாள். "ஆள் இல்லன்னு அடையாளம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் பயிற்சிக் கல்லூரியில் கற்றதில்லை. அதன் பிறகு என் வகுப்புகளில் சுழியத்துக்கு அதுதான் விளக்கம்.

களத்துமேட்டிலும் இதே பாடம் நடந்தது. என் சிறு வயதில் நெல் அளக்கும் பெரியவர் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார். பிறகு ரெண்டு, மூணு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலம் நிறைந்ததும் ஒரு கைப்பிடி நெல்லை ஓரமாகக் குவித்து வைப்பார். கடைசியில் சிறு குவியல்களை எண்ணினால் கலம், கையில் நின்ற எண்ணிக்கை மரக்கால். சிறு குவியல் ஒன்று பன்னிரண்டைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. எழுத்தறியாத அவர் கையில் இருந்தது இடமதிப்பின் உயிர்தான். அடுக்கு பத்தாக இல்லை, பன்னிரண்டாக இருந்தது.

2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. பெற்றோரின் விருப்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஃபோர்டீன் என்று கேட்ட பிள்ளை 41 என்று எழுதுகிறது, ஏனென்றால் ஃபோர் முதலில் காதில் விழுகிறது. தர்ட்டீனும் தர்ட்டியும் கலந்துவிடுகின்றன. லெவன், ட்வெல்வ் என்ற சொற்களுக்குள் பத்தைத் தேடினால் கிடைக்காது. அதே பிள்ளையிடம் பதினாலு என்றால் 14 சரியாக வருகிறது. ஆங்கில வழி வகுப்பென்றாலும் பத்துகள் பாடத்தை முதலில் தமிழில் நடத்துங்கள். ட்வெண்டி ஃபைவ் என்று புத்தகம் சொல்லட்டும், ரெண்டு பத்தும் அஞ்சும் என்று நீங்கள் சொல்லுங்கள். இன்று பல வீடுகளில் விலை, தொலைபேசி எண், மதிப்பெண் எல்லாமே ஆங்கிலத்தில்தான் வாயில் வருகின்றன. எழுபத்தெட்டு என்றால் எவ்வளவு என்று கேட்கும் மதுரைப் பிள்ளைகளை நான் சந்தித்துவிட்டேன். அவர்கள் இழந்தது ஒரு சொல்லை மட்டுமல்ல, அந்தச் சொல்லுக்குள் இருந்த ஏழு பத்தையும் சேர்த்துத்தான்.

இலட்சமும் கோடியும் ஐந்தாம் வகுப்புக்கு மேல் வரும் பாடம், அதை விரைவாகக் கடக்கிறேன். ஆயிரத்துக்குப் பிறகு நாம் இரண்டு இரண்டு இலக்கமாகக் காற்புள்ளி வைக்கிறோம், பன்னாட்டு முறையில் மூன்று மூன்றாக. பழந்தமிழில் இலட்சத்துக்கு நூறாயிரம் என்றே பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கொடுத்தால் 1,00,000-க்கும் 100,000-க்கும் உள்ள உறவு பிள்ளைக்கு ஒரே நிமிடத்தில் விளங்கும்.

கூட்டலில் "மனசுல ஒண்ணு" என்கிறோம். கழித்தலில் "பக்கத்துல கடன் வாங்கு" என்கிறோம். மனத்தில் வைத்த அந்த ஒன்று பத்து என்பதையும், கடன் வாங்கிய ஒன்று பத்தாக மாறி வருவதையும் சொல்வதில்லை. கடனைத் திருப்பித் தருவதும் இல்லை. புத்தகம் இனமாற்றம் என்கிறது. அது சரியான சொல், ஆனால் ஏழு வயதுக்குக் கனமானது. நான் இரண்டு வினைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். கட்டு, அவிழ். பத்து உதிரி சேர்ந்தால் கட்டு. உதிரி போதவில்லையென்றால் ஒரு கட்டை அவிழ். 52-இலிருந்து 17-ஐக் கழிக்கும் பிள்ளை, "டீச்சர், ஒண்ண அவுத்துட்டேன், இப்ப நாலு கட்டு, பன்னெண்டு உதிரி" என்று சொன்னால் அதற்குமேல் நான் கற்பிக்க ஒன்றுமில்லை.

2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையில் வைத்துக் கற்பிக்கச் சொல்கிறது. செயல்வழிக் கற்றல் காலத்திலிருந்தே அட்டைகளும் மணிச்சட்டமும் வகுப்புக்கு வந்திருக்கின்றன. எல்லாம் நல்லதே. ஒரு கவனம் மட்டும் வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டி வைத்த குச்சிகளைப் பிள்ளையிடம் கொடுத்தால், அதற்கு அது ஒரு தடித்த குச்சி, அவ்வளவுதான். தானே எண்ணி, தானே கட்டிய கட்டுக்குள் பத்து இருப்பதுதான் பிள்ளைக்குத் தெரியும்.

கூடத்தின் வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். நேற்று என் வீட்டுத் தென்னை ஓலைகளைக் கிழித்து எடுத்த ஈர்க்குகளும், ஒரு பை ரப்பர் வளையங்களும் அதன்மேல் இருக்கின்றன. எதையும் கட்டி வைக்கவில்லை. உங்கள் வகுப்புக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை அள்ளிக்கொண்டு போங்கள். நாளைக்குப் பிள்ளைகள் கட்டட்டும்.